பில் இருக்கிறது, சரக்கு இல்லை: ஹைபர்நேட்டில் ஓர் உறவு அறுந்த நிகழ்வு

மருந்து மொத்த விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தின் பில்லிங் செயலியில் நேர்ந்த ஒரு தவறையும், அதைத் தேடிப் போனபோது தெரியவந்த வேறு சில தவறுகளையும் இங்கே பதிவு செய்கிறேன். செயலி ஜாவா மொழியின் ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்டது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். இரண்டுக்கும் நடுவில், நிரலின் ஆப்ஜெக்டுகளை அட்டவணை வரிசைகளாக எழுதியும் படித்தும் தரும் ஹைபர்நேட் என்ற நூலகம், அத்தகைய நூலகங்களுக்கான ஜாவா தரநிலையான ஜேபிஏ வழியாக வேலை செய்தது. பராமரிப்புப் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் இருந்தது.

அந்த நிறுவனத்தின் கணக்காளர் ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பில்லுல தொகை சரியாத்தான் இருக்கு. உள்ள போய்ப் பாத்தா ஒரு சரக்கையும் காணோம்" என்றார். அவர் சொன்ன பில்லைத் திறந்து பார்த்தேன். கடையின் பெயர், தேதி, வரி, மொத்தத் தொகை எல்லாம் சரியாக இருந்தன. கீழே மருந்துகள் வரிசையாக வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. முந்தைய நாள் அந்தப் பில்லைப் போட்டவரோ, சேமித்தவுடன் மூன்று மருந்துகளும் திரையில் தெரிந்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகவும், அதைப் பார்த்த பிறகே அச்செடுத்ததாகவும் உறுதியாகச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பதுதான் இந்த நிகழ்வின் முதல் தடயம்.

தரவுத்தளத்தில் இதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று பில். மற்றொன்று பில் உருப்படி. ஒவ்வொரு உருப்படியிலும் எந்தப் பேட்ச் (ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி), எத்தனை ஸ்ட்ரிப், என்ன விலை என்ற விவரங்களோடு, அது எந்தப் பில்லைச் சேர்ந்தது என்று காட்டும் ஃபாரின் கீயும் இருக்கும். உருப்படி அட்டவணையை நேரடியாகத் தேடியதில் மூன்று உருப்படிகளும் கிடைத்தன. பாரசிட்டமால் 650, மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5 என்று மூன்றும் அவற்றின் பேட்ச்களோடு பத்திரமாக இருந்தன. ஆனால் பில் எண் இருக்கவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. தரவு தொலையவில்லை, உறவு மட்டும் எழுதப்படாமல் போயிருந்தது.

நிரலில் அந்த உறவு இரண்டு பக்கமும் சொல்லப்பட்டிருந்தது. பில் கிளாஸில் உருப்படிகளின் பட்டியல் இருந்தது. அதன்மேல் ஒன்டூமெனி (ஒன்றுக்குப் பல) என்ற அனோட்டேஷனும் (நூலகம் படிப்பதற்கான குறிப்பு), அதற்குள் 'மேப்ட்பை' என்பதில் உருப்படியின் பில் புலத்தின் பெயரும், பில்லுக்குச் செய்வதை உருப்படிகளுக்கும் செய்யச் சொல்லும் கேஸ்கேட் ஆல் என்ற அமைப்பும் இருந்தன. உருப்படி கிளாஸில் பில் என்ற ஒற்றைப் புலமும் அதன்மேல் மெனிடூஒன் (பலவற்றுக்கு ஒன்று) அனோட்டேஷனும் இருந்தன. பாடநூல்களில் காட்டப்படும் வடிவம்தான் இது. ஹைபர்நேட் அனுப்பும் எஸ்கியூஎல் வரிகளோடு அவற்றில் பொருத்தப்படும் மதிப்புகளும் லாகில் (செயலியின் பதிவுக் கோப்பில்) அச்சாகும்படி அமைத்து, சோதனைத் தளத்தில் ஒரு பில்லைச் சேமித்துப் பார்த்தோம். முதலில் பில் அட்டவணைக்கு ஓர் இன்செர்ட் போனது. அடுத்து உருப்படி அட்டவணைக்கு மூன்று இன்செர்ட்கள் போயின. அந்த மூன்றிலும் பேட்ச் எண் இருந்தது, அளவு இருந்தது, விலை இருந்தது. பில் எண்ணுக்குரிய இடத்தில் மட்டும் மூன்று முறையும் 'நல்' (காலி) என்று அச்சானது.

காரணம் 'மேப்ட்பை' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. நினைவகத்தில் இந்த உறவுக்கு இரண்டு இடங்கள் உண்டு: பில்லிடம் இருக்கும் பட்டியல் ஒன்று, உருப்படியிடம் இருக்கும் பில் புலம் மற்றொன்று. தரவுத்தளத்திலோ அதற்கு ஒரே இடம்தான், உருப்படி அட்டவணையின் ஃபாரின் கீ. இரண்டு இடங்களும் வெவ்வேறு செய்தி சொன்னால் எதை நம்பி எழுதுவது என்ற கேள்விக்கு ஹைபர்நேட் முன்கூட்டியே விடை கேட்கிறது. 'மேப்ட்பை' என்று எழுதிய பக்கம், "என்னைப் பார்க்க வேண்டாம், எதிர்ப்பக்கத்தைப் பார்த்து எழுது" என்று சொல்லிவிட்ட பக்கம். ஆகவே பட்டியலில் நூறு உருப்படிகளைச் சேர்த்தாலும், ஒவ்வோர் உருப்படியின் பில் புலத்திலும் பில்லை வைக்காவிட்டால் ஃபாரின் கீ காலியாகவே போகும். கேஸ்கேட் ஆல் இருப்பதால் பட்டியலில் உள்ளவை தவறாமல் சேமிக்கப்படும். ஆனால் சேமிப்பது வேறு, இணைப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதே இத்துறையில் நான் அடிக்கடி காணும் குழப்பம்.

சேமித்தவுடன் திரையில் மூன்று மருந்துகளும் தெரிந்ததற்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. சேமிப்பு முடிந்ததும் உலாவிக்குத் திரும்பிப் போனது நினைவகத்தில் இருந்த அதே பில் ஆப்ஜெக்ட். அதன் பட்டியல் முழுமையாகத்தான் இருந்தது. மொத்தத் தொகையும் அந்தப் பட்டியலிலிருந்தே கணக்கிடப்பட்டது. மறுநாள் கணக்காளர் திறந்தபோதுதான் முதல்முறையாகத் தரவுத்தளத்திலிருந்து படிக்கப்பட்டது.

எங்கிருந்து வந்தது

பழைய பில்கள் சரியாக இருந்தன. குறிப்பிட்ட ஒரு வெளியீட்டுக்குப் பிறகு போடப்பட்ட பில்களில்தான் இந்தக் குறை. அந்த வெளியீட்டில் பில் சேமிக்கும் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை என்பது எங்களைச் சிறிது நேரம் திகைக்க வைத்தது.

அந்த வெளியீட்டின் நோக்கம் நல்ல நோக்கம். தரமற்றவை என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் பேட்ச் எண்ணோடு வெளியிடுகிறது. அப்படி ஒரு பேட்ச் பட்டியலில் வந்தால், அது எந்தெந்தக் கடைகளுக்குப் போயிருக்கிறது என்று மொத்த விற்பனையாளர் உடனே தெரிந்துகொண்டு திரும்பப் பெற வேண்டும். அதற்காக ஒரு புதிய திரை கேட்கப்பட்டது. பேட்சைக் கொடுத்தால் உருப்படிகள் வர வேண்டும். ஒவ்வோர் உருப்படியோடும் அதன் பில்லும் கடையும் வர வேண்டும்.

அதுவரை பில்லுக்கும் உருப்படிக்கும், ஆப்ஜெக்டை ஜேசனாகவும் (உலாவியோடு தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) ஜேசனை ஆப்ஜெக்டாகவும் மாற்றும் ஜாக்சன் நூலகத்தின் மேனேஜ்ட் ரெஃபரன்ஸ், பேக் ரெஃபரன்ஸ் என்ற இரண்டு அனோட்டேஷன்கள் போடப்பட்டிருந்தன. பில்லை ஜேசனாக மாற்றும்போது பில்லுக்குள் உருப்படி, உருப்படிக்குள் பில், அந்தப் பில்லுக்குள் மீண்டும் உருப்படி என்று முடிவில்லாமல் சுற்றுவதைத் தடுப்பதற்காகவே பலரும் அவற்றைப் போடுகிறார்கள். பேக் ரெஃபரன்ஸ் போட்ட புலம் ஜேசனில் வெளியே வராது. ஆனால் அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு: உலாவியிலிருந்து வரும் ஜேசனை ஆப்ஜெக்டாக மாற்றும்போது, பட்டியலில் உள்ள ஒவ்வோர் உருப்படியின் பில் புலத்திலும் தாய்ப் பில்லைத் தாமாகவே வைத்துவிடும். சேமிக்கும் நிரலில் எங்கும் எழுதப்படாத அந்த இணைப்பை இத்தனை நாளும் செய்துவந்தது ஜாக்சன் நூலகம்தான். புதிய திரைக்கு உருப்படியோடு பில்லும் வேண்டும் என்பதால் அந்த இரண்டு அனோட்டேஷன்களும் நீக்கப்பட்டு, பில்லின் உள்ளே இருக்கும் பட்டியலை மட்டும் விலக்கும் இக்னோர் பிராப்பர்ட்டீஸ் போடப்பட்டது. சுற்று நின்றது, பில்லும் வெளியே வந்தது, உள்ளே வரும் வழியில் நடந்துகொண்டிருந்த இணைப்பு மட்டும் நின்றுபோனது. புதிய திரையைச் சோதித்தவர்கள் பழைய பில்களை வைத்தே சோதித்ததால் அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது.

பேட்ச் எங்கே போனது என்று கண்டுபிடிக்க எழுதிய திரைக்காகச் செய்த மாற்றம், அன்று முதல் போன பேட்ச்கள் எந்தக் கடைக்குப் போயின என்ற தகவலையே அறுத்துவிட்டது. இடைப்பட்ட நாட்களில் ஏதேனும் ஒரு பேட்சைத் திரும்பப் பெற வேண்டியிருந்திருந்தால், திரை அந்தக் கடைகளைக் காட்டாமல் விட்டிருக்கும். காட்டாமல் விட்டதற்கான அறிகுறியும் எங்கும் இருந்திருக்காது. இந்தத் தவறை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

தரவுத்தளம் எச்சரிக்காமலும் இல்லை. ஃபாரின் கீ காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு முதலில் இருந்தது. சோதனைத் தளத்தில் இந்த மாற்றத்தை ஏற்றியவுடன் பில் சேமிப்பு அந்தக் கட்டுப்பாட்டில் மோதி நின்றது. அதைப் பார்த்த எங்கள் குழு நண்பர், ஹைபர்நேட் முதலில் உருப்படியைக் காலியாக எழுதிவிட்டுப் பிறகு அப்டேட் மூலம் பில் எண்ணை நிரப்புகிறது, அதனால்தான் கட்டுப்பாடு தடுக்கிறது என்று முடிவு செய்து, கட்டுப்பாட்டை நீக்கும் மைக்ரேஷனை (அட்டவணை அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டை) எழுதினார். அவர் நினைத்தது கற்பனையன்று. 'மேப்ட்பை' இல்லாமல், பில் பக்கத்தில் மட்டும் ஒன்டூமெனியும் ஜாயின் காலமும் போட்டால் ஹைபர்நேட் அப்படித்தான் செய்யும்: முதலில் இன்செர்ட், பிறகு ஃபாரின் கீக்காகத் தனி அப்டேட். ஆனால் எங்களிடம் இருந்தது அந்த வடிவம் அன்று. பின்னால் வரும் என்று அவர் எதிர்பார்த்த அப்டேட் வரவே இல்லை. லாகில் அந்த வரியைத் தேடிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

திருத்தமும் அதன் பின் வந்தவையும்

இணைப்பைச் சரிசெய்வது எளிது. பில் கிளாஸில் உருப்படி சேர்க்கும் மெத்தட் ஒன்றை எழுதி, அது பட்டியலில் சேர்ப்பதோடு உருப்படியின் பில் புலத்தையும் நிரப்பும்படி செய்தோம். நீக்கும் மெத்தடும் அதேபோல் இரண்டு பக்கமும் தொடும். பட்டியலை வெளியே கொடுக்கும் கெட்டர் மாற்ற முடியாத நகலையே கொடுக்கும். உலாவியிலிருந்து வரும் ஜேசனை நேராக எண்டிட்டியாக (அட்டவணையோடு இணைந்த ஆப்ஜெக்டாக) மாற்றுவதையும் நிறுத்தி, அதற்குத் தனிக் கோரிக்கை கிளாஸ்களை வைத்தோம். எண்டிட்டியை உலாவிக்கும் தரவுத்தளத்துக்கும் பொதுவான பாத்திரமாக வைத்திருப்பது வேலையைக் குறைப்பதுபோல் தோன்றும். இந்த நிகழ்வில் ஒரு பக்கத்துக்காகச் செய்த மாற்றம் மறுபக்கத்தை உடைத்தது அதனால்தான்.

பில்லைத் திருத்தும் திரையில் அடுத்த சிக்கல் காத்திருந்தது. பில்லிலிருந்து நீக்கப்படும் உருப்படி அட்டவணையிலிருந்தும் அழிய வேண்டும் என்பதற்காக ஆர்ஃபன் ரிமூவல் போட்டோம். திருத்தும் திரை உருப்படிகள் அனைத்தையும் புதிய பட்டியலாக அனுப்பும்; நிரல் பழைய பட்டியலின் இடத்தில் அதை அப்படியே வைத்தது. உடனே, 'ஆல் டிலீட் ஆர்ஃபன்' கேஸ்கேட் கொண்ட பட்டியலை அதன் உரிமையாளர் எண்டிட்டி இனிச் சுட்டவில்லை என்ற பொருளில் பிழை வந்தது. இந்தச் சொற்றொடரை நிரலில் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. ஆர்ஃபன் ரிமூவல் 2009இல் வந்த ஜேபிஏ 2.0இல்தான் தரநிலையாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே ஹைபர்நேட்டில் இருந்த இதே வசதியின் பழைய பெயர்தான் பிழைச் செய்தியில் வந்தது. காரணம் எளிது: தரவுத்தளத்திலிருந்து படித்த பட்டியல் சாதாரணப் பட்டியல் அன்று. எது இருந்தது, எது போனது என்று கண்காணிக்கும் ஹைபர்நேட்டின் சொந்தப் பட்டியல் அது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை வைத்தால் கணக்கு வைத்திருந்தவரையே வெளியே அனுப்பியதாகிவிடும்.

சரி, அதே பட்டியலை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதையெல்லாம் காலி செய்துவிட்டுப் புதியவற்றைச் சேர்க்கலாம் என்று அடுத்து முயன்றோம். மூன்று மருந்துகள் உள்ள பில்லில் பாரசிட்டமாலை மட்டும் 10 ஸ்ட்ரிப்பிலிருந்து 12 ஆக்கிச் சேமித்தால், தனித்தன்மைக் கட்டுப்பாடு மீறப்பட்டது என்று போஸ்ட்கிரெஸ் மறுத்தது. ஒரே பில்லில் ஒரே பேட்ச் இரண்டு முறை வரக்கூடாது என்று யூனிக் கட்டுப்பாடு வைத்திருந்தோம். நிரலில் நாங்கள் முதலில் அழித்தோம், பிறகு சேர்த்தோம். ஹைபர்நேட்டோ நாம் சொன்ன வரிசையில் எஸ்கியூஎல் அனுப்புவதில்லை. மாற்றங்களைச் சேர்த்து வைத்து, ஃப்ளஷ் செய்யும்போது (அவற்றைத் தரவுத்தளத்துக்குத் தள்ளும்போது) முதலில் இன்செர்ட்கள், அடுத்து அப்டேட்கள், கடைசியில் டிலீட்கள் என்று அனுப்புகிறது. ஆகவே பழைய பாரசிட்டமால் உருப்படி அழியும் முன்பே அதே பேட்சோடு புதியது உள்ளே நுழைய முயன்றது. நடுவில் ஒரு ஃப்ளஷைக் கட்டாயமாகப் போட்டு இதைத் தாண்டலாம்; பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அளவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்துக்காக மூன்று வரிசைகளை அழித்து மூன்றை எழுதுவது முறையன்று என்பது என் கருத்து. உருப்படியின் எண்ணை வேறொரு அட்டவணை சுட்டிக்கொண்டிருந்தால் அந்த உறவும் அறுந்துவிடும். பேட்ச் எண்ணைக் கொண்டு ஒப்பிட்டு, இருப்பவற்றில் அளவை மாற்றி, இல்லாதவற்றை நீக்கி, புதியவற்றை மட்டும் சேர்த்தோம். லாகில் இப்போது ஒரே ஓர் அப்டேட் போனது.

இதைச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. இதை எண்ணினால் இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது. உருப்படியிலிருந்து பேட்சுக்குப் போகும் மெனிடூஒன் உறவில், கேஸ்கேட்டில் மெர்ஜ் போடப்பட்டிருந்தது. திருத்தும் திரை பேட்சின் ஐடியை மட்டும் அனுப்பும். பெயர், காலாவதித் தேதி, எம்ஆர்பி எதுவும் வராது. ஸ்பிரிங் டேட்டாவின் சேவ் மெத்தட், எண்டிட்டி புதிது என்றால் பெர்சிஸ்டையும், ஏற்கெனவே இருப்பது என்றால் மெர்ஜையும் அழைக்கும். மெர்ஜ் என்பது நாம் கொடுத்த ஆப்ஜெக்டின் எல்லாப் புலங்களையும் தரவுத்தளத்திலிருந்து படித்த ஆப்ஜெக்டின்மேல் நகலெடுப்பது. காலியான புலமும் அதில் ஒரு மதிப்புதான். கேஸ்கேட் அதைப் பேட்ச் வரைக்கும் கொண்டுபோனால், ஒரு பில்லில் ஒரு ஸ்ட்ரிப் குறைத்த செயல் அந்தப் பேட்சின் காலாவதித் தேதியை வெறுமையாக்கிவிடும். காலாவதித் தேதிக்கு அட்டவணையில் காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால் அப்டேட் நிராகரிக்கப்பட்டது. உண்மைத் தரவு தப்பியது. உருப்படிக்குப் பேட்ச் வெறும் சுட்டுதல் மட்டுமே. ஐடியை வைத்து ரெஃபரன்ஸ் வாங்கிப் புலத்தில் வைத்தால் போதும். அதற்கென ஒரு செலக்ட்கூடத் தேவைப்படாது.

கேஸ்கேட்டை எங்கே போடலாம் என்பதை நாங்கள் இப்போது ஒரே கேள்வியால் முடிவு செய்கிறோம்: இவர் அழிந்தால் அவரும் அழிய வேண்டுமா? பில்லை அழித்தால் உருப்படிகள் அழியத்தான் வேண்டும். பில் இல்லாத உருப்படிக்குப் பொருளில்லை. உருப்படியை அழித்தால் பேட்ச் அழியக் கூடாது. அது கிடங்கில் இருக்கிற சரக்கு. கடையின் கணக்கை மூடினாலும் பழைய பில்கள் இருந்தாக வேண்டும். மூன்று உறவுகளும் நிரலில் ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்டவை. வணிகம் தெரிந்தவரிடம் கேட்டால்தான் வேறுபாடு புரியும். அந்தக் கணக்காளரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியதில் எங்களுக்குக் கிடைத்த தெளிவு, எந்த ஆவணத்தைப் படித்தும் கிடைக்கவில்லை.

இருவர் ஒரே பில்லை ஒரே நேரத்தில் திருத்துவதைத் தடுக்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் ஏறும் வெர்ஷன் புலமும் சேர்த்தோம். இதிலும் 'மேப்ட்பை' குறுக்கிட்டது: பட்டியல் பக்கம் ஃபாரின் கீயை எழுதும் உரிமையற்ற பக்கம் என்பதால், உருப்படியில் மட்டும் மாற்றம் நடந்தால் பில்லின் வெர்ஷன் ஏறாது. திருத்தும்போது வெர்ஷனைக் கட்டாயமாக ஏற்றும் பூட்டு (லாக்) முறையை வைத்துப் பில்லைப் படித்ததும் அது சரியானது.

வேறு ஃபிரேம்வொர்க்குகளில் என்ன நிலை என்று பார்ப்பதும் பயன்தரும். பைதான் மொழியின் ஜாங்கோவில் உறவு ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்படுகிறது, உருப்படி மாடலின் ஃபாரின் கீ புலத்தில். பில்லிலிருந்து உருப்படிகளுக்குப் போகும் வழி அதிலிருந்து தானாகப் பெறப்படுவது. இன்னும் சேமிக்கப்படாத பில்லைச் சுட்டும் உருப்படியைச் சேமிக்க முயன்றால் ஜாங்கோ பிழை காட்டி மறுத்துவிடும். இரண்டு பக்கமும் முரண்படுவதற்கான இடமே அங்கே குறைவு. ஜேபிஏ இரண்டு பக்கமும் எழுதும் வசதியைத் தருகிறது. அந்த வசதிக்கான பொறுப்பை நிரலாளரிடம் விட்டுவிடுகிறது.

சோதனை ஏன் பிடிக்கவில்லை

பில் சேமிப்புக்கு யூனிட் டெஸ்ட் இல்லாமல் இல்லை. பில்லைச் சேமித்து, ஐடியைக் கொண்டு திரும்பப் படித்து, உருப்படிகள் மூன்றா என்று எண்ணும் டெஸ்ட் ஒன்று இருந்தது. எல்லா நாளும் பச்சையாகவே இருந்தது. முழு டெஸ்டும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் ஓடியது. அதனால் பெர்சிஸ்டன்ஸ் கான்டெக்ஸ்டும் (ஹைபர்நேட் நினைவில் கண்காணிக்கும் ஆப்ஜெக்டுகளின் தொகுப்பு) ஒன்றே. அதற்குள் ஒரு ஐடிக்கு ஒரே ஆப்ஜெக்ட்தான் இருக்கும் என்பது ஹைபர்நேட்டின் விதி. ஆகவே திரும்பப் படித்தபோது வந்தது சேமித்த அதே ஆப்ஜெக்ட். தரவுத்தளத்துக்குச் செலக்ட்கூடப் போகவில்லை. கணக்காளருக்கு மறுநாள் தெரிந்தது டெஸ்டுக்கு ஒருபோதும் தெரிந்திருக்க முடியாது. சேமித்தபின் எண்டிட்டி மேனேஜரில் ஃப்ளஷும், நினைவில் உள்ளவற்றை நீக்கும் கிளியரும் அழைத்து, அதன்பிறகு படிக்கும்படி மாற்றினோம். அடுத்த ஓட்டத்தில், பழைய நிரலின்மேல், எதிர்பார்த்தது 3, கிடைத்தது 0 என்று டெஸ்ட் சிவந்தது. உறவுள்ள எண்டிட்டிகளுக்கான எல்லா டெஸ்டுகளிலும் அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டோம்.

அறுந்த உருப்படிகளை மீண்டும் பில்லோடு சேர்க்கும் வேலை மிஞ்சியிருந்தது. நல்வாய்ப்பாக ஸ்டாக் லெட்ஜர் தனி அட்டவணையாக இருந்தது. சரக்கு வெளியேறிய ஒவ்வொரு பதிவிலும் பேட்ச், அளவு, பில் எண் மூன்றும் இருந்தன. பில் எண் அங்கே ஃபாரின் கீயாக இல்லாமல் வெறும் எழுத்தாக இருந்ததை முன்பு நான் குறை சொன்னதுண்டு. இப்போது அதுவே கைகொடுத்தது. பேட்சும் அளவும் உருவான நேரமும் ஒத்துப்போன உருப்படிகளுக்கு ஸ்கிரிப்ட் மூலம் பில் எண்ணை நிரப்பி, ஒவ்வொரு பில்லிலும் உருப்படிகளின் கூட்டுத்தொகை பில்லின் தொகையோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்தோம். ஒரே பேட்ச் ஒரே அளவில் அடுத்தடுத்த நிமிடங்களில் இரண்டு கடைகளுக்குப் போயிருந்த இடங்களை ஸ்கிரிப்டிடம் விடாமல், அச்சிட்ட பில் நகல்களை வைத்துக் கையால் முடிவு செய்தோம்.

பிறகு, காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவரும் மைக்ரேஷனை ஓட்டினோம். முதல் முறை போஸ்ட்கிரெஸ் மறுத்தது. எங்கோ இரண்டு வரிசைகள் இன்னும் காலியாக இருந்தன. கணக்காளர் கோப்புக் கட்டை எடுத்து வந்து, ஒவ்வொரு நகலாகப் புரட்டி, அந்த இரண்டுக்கும் உரிய பில்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இரண்டாம் முறை மைக்ரேஷன் முழுமையாக ஓடி முடிந்தது.